பீட்டா படிகமும் பிரிவு 3(டி)யும்: இமாட்டினிப் காப்புரிமை வழக்கு – ஒரு நிகழ்வு ஆய்வு

1998 ஜூலை 17 அன்று சென்னை காப்புரிமை அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் பதிவானது. அதன் எண் 1602/எம்ஏஎஸ்/98. நகரத்தின் பெயர் சென்னை என மாறி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தும், மெட்ராஸைக் குறிக்கும் எழுத்துகளே அலுவலகக் குறியீட்டில் நீடித்தன. விண்ணப்பித்தது சுவிட்சர்லாந்தின் பாசல் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட நோவார்ட்டிஸ் நிறுவனம். இரத்தப் புற்றுநோய் மருந்தான இமாட்டினிப் மெசிலேட் என்னும் உப்பின் 'பீட்டா' படிக வடிவத்துக்கு அது காப்புரிமை கேட்டது. அந்தக் கோரிக்கைக்கு இறுதி விடை கிடைக்க ஏறக்குறைய 15 ஆண்டுகள் ஆயின. அவற்றில் 2009 வரையிலான காலம் முழுவதும் வழக்கு சென்னையிலேயே நடந்தது.

இந்த வழக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று வழங்கிய தீர்ப்பிலிருந்தே தொடங்குகிறார்கள். இந்தியா ஒரு நிறுவனத்தின் கண்டுபிடிப்பைப் பறித்துக்கொண்டது என்பார் ஒரு சாரார். மருந்தை மக்களுக்கு மீட்டுக் கொடுத்தது என்பார் மற்றொரு சாரார். நடந்ததை இரண்டும் முழுமையாகச் சொல்லவில்லை என்பது என் கருத்து. இந்த மருந்து எளியவர்க்கும் எட்டியதற்கு முதற்காரணம் அதன் மூலக்கூறு கண்டறியப்பட்ட தேதி. சட்டத்தின் ஓர் உட்பிரிவும், அதை உரிய நேரத்தில் எடுத்துக்காட்டிய ஒரு நோயாளர் சங்கமும் அதற்கு அடுத்தே வருகின்றன. தேதியின் பங்கை மறந்துவிட்டுத் தீர்ப்பை மட்டும் கொண்டாடினால், அதே நோய்க்கு அடுத்து வந்த மருந்து ஏன் எட்டாமல் போனது என்பது விளங்காது.

நோய், மருந்து, விலை

நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில் 9ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 22ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஒட்டில் பிறக்கும் மரபணு உருவாக்கும் நொதி ஓய்வின்றி இயங்கி, வெள்ளணுக்களைக் கட்டுக்கடங்காமல் பெருகச் செய்கிறது. சிதைந்த குரோமோசோம் 1960இல் பிலடெல்ஃபியாவில் அடையாளம் காணப்பட்டது. துண்டுகள் இடம் மாறுவதை ஜேனட் ரௌலி 1973இல் விளக்கினார். அந்த நொதியைக் குறிவைத்து அடக்கும் மூலக்கூறுகளை சீபா-கெய்கி நிறுவனத்தில் யூர்க் சிம்மர்மன் உருவாக்கினார். அங்கு நிக்கோலஸ் லைடனும், ஓரிகனில் பிரையன் டிரக்கரும் அந்த ஆய்வை மருத்துவமனைவரை கொண்டுசென்றனர். 1996இல் சீபா-கெய்கியும் சாண்டோஸும் இணைந்து நோவார்ட்டிஸ் ஆயின. 2001 மே 10 அன்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இமாட்டினிப்புக்கு அனுமதி அளித்தது. இந்தியாவில் அது 'கிளிவெக்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

இது மருத்துவ வரலாற்றில் ஓர் உண்மையான பாய்ச்சல். அதுவரை எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் இன்டர்ஃபெரான் மருந்தும் தவிர வேறு வழி அதிகம் இல்லாத நோயாளி, வழக்கமாக நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் மாத்திரையை விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போகும் நிலை வந்தது. ஆனால் மருந்து நோயை அடக்கி வைக்கிறதே ஒழிய வேரறுப்பதில்லை என்பதால், பெரும்பாலோர் அதை ஆண்டுக்கணக்கில் உட்கொள்ள வேண்டியிருந்தது. ஆகவே மாத விலையே நோயாளியின் ஆயுளைத் தீர்மானித்தது. கிளிவெக்கின் விலை மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய்; நாட்கோ முதலிய இந்திய நிறுவனங்களின் ஜெனரிக் மருந்து (அதே மூலக்கூறைக் கொண்டு பிற நிறுவனங்கள் தயாரிப்பது) மாதத்துக்கு 8,000 முதல் 10,000 ரூபாய். இந்தப் பத்தாயிரமும் கூலிக் குடும்பத்துக்குச் சிறிய தொகையன்று. ஆனால் நிலத்தையோ நகையையோ அடகு வைத்தும், அரசு உதவியைப் பெற்றும் திரட்டக்கூடிய தொகை அது. லட்சம் ரூபாயை மாதந்தோறும் அப்படித் திரட்ட முடியாது.

நோவார்ட்டிஸ் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தது. தன் உதவித் திட்டத்தின் வழியாக, இந்தியாவில் கிளிவெக் பரிந்துரைக்கப்பட்ட நோயாளிகளுள் மிகப் பெரும்பாலோர்க்கு மருந்தை இலவசமாகவே தருவதாக அது கூறியது. ஆயிரக்கணக்கானோர் அப்படிப் பெற்றார்கள், உயிர் வாழ்ந்தார்கள். அதைச் சிறுமைப்படுத்துவது நியாயமாகாது. ஆனால் கொடை என்பது கொடுப்பவர் வகுக்கும் தகுதிக்கும், அவர் விரும்பும் காலத்துக்கும் உட்பட்டது. சந்தையில் ஐந்தாறு உற்பத்தியாளர்கள் போட்டியிடும்போது விலை குறைவது எவருடைய மனத்தையும் பொறுத்ததன்று. நோயாளர் சங்கம் வழக்காடியது இந்த இரண்டாவது நிலையைக் காப்பதற்காகவே.

சட்டம் வந்த வழி

விடுதலைக்குப் பிறகும் இந்தியாவில் 1911ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டமே நடப்பில் இருந்தது. அதை ஆராய்ந்து 1959 செப்டம்பரில் அறிக்கை அளித்தவர் அப்போது மெட்ராஸ் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். இராஜகோபால அய்யங்கார். இந்தியக் காப்புரிமைகளில் 80 முதல் 90 விழுக்காடு வெளிநாட்டினர் கையில் இருந்ததையும், அவற்றில் 90 விழுக்காட்டுக்கும் மேலானவை இந்தியாவில் நடைமுறைப்படுத்தப்படவே இல்லை என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். காப்புரிமை இங்கே தொழிலை வளர்ப்பதற்குப் பதிலாக இறக்குமதிக்கு வேலி கட்டவே பயன்பட்டது என்பதுதான் அதன் பொருள். அவர் அறிக்கையின் அடிப்படையில் அமைந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம், உணவுக்கும் மருந்துக்கும் பொருள்மீது காப்புரிமை இல்லை, செய்முறைமீது மட்டுமே உண்டு என்று விதித்தது. ஒரே மூலக்கூறை வேறு வழியில் தயாரிக்க யாருக்கும் தடையில்லை. இந்திய மருந்துத் தொழில் வளர்ந்தது இந்த ஒரு விதியின் மேல். 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம், ஆண்டுக்கு 10,000 டாலருக்கும் மேல் விற்ற எச்ஐவி கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தர முன்வந்தபோது உலகம் வியந்தது. அந்த விலைக்குப் பின்னாலும் இருந்தது இதே விதிதான்.

1995 ஜனவரி 1 அன்று உலக வணிக அமைப்பும், அதனுடன் டிரிப்ஸ் எனப்படும் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமும் நடைமுறைக்கு வந்தன. மருந்து உட்பட எல்லாத் தொழில்நுட்பத் துறைகளிலும் பொருளுக்கே 20 ஆண்டுக் காப்புரிமை தரவேண்டும் என்றது ஒப்பந்தம். அதுவரை மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராத வளரும் நாடுகளுக்கு 2004 இறுதிவரை அவகாசம் கிடைத்தது. ஆனால் அந்த அவகாசத்துக்கும் ஒரு நிபந்தனை இருந்தது: 1995 முதல் வரும் மருந்து விண்ணப்பங்களை வாங்கிப் பெட்டியில் வைத்திருந்து 2005இல் திறந்து பார்க்க வேண்டும், வேறு உறுப்பு நாட்டில் காப்புரிமையும் விற்பனை அனுமதியும் பெற்ற விண்ணப்பதாரருக்கு இடைக்காலத்தில் தனிச் சந்தை உரிமை, அதாவது தான் மட்டுமே விற்கும் உரிமை, தர வேண்டும். இதற்கான சட்ட ஏற்பாட்டை இந்தியா உரிய வகையில் செய்யவில்லை என்று அமெரிக்கா தொடுத்த வழக்கில் இந்தியா தோற்று, 1999இல் சட்டத்தைத் திருத்தியது. 1602/எம்ஏஎஸ்/98 அந்தப் பெட்டியில் கிடந்த விண்ணப்பங்களுள் ஒன்று. 2003 நவம்பரில் நோவார்ட்டிஸ் கிளிவெக்குக்குத் தனிச் சந்தை உரிமை பெற்றது. அதைக் கொண்டு மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தில் சில ஜெனரிக் தயாரிப்பாளர்களுக்கு எதிராக இடைக்காலத் தடையும் பெற்றது; பம்பாய் உயர் நீதிமன்றம் அத்தகைய தடையை மறுத்துவிட்டது. காப்புரிமை இன்னும் பரிசீலிக்கப்படாத நிலையிலேயே மருந்து சில கடைகளிலிருந்து மறையத் தொடங்கியது நோயாளிகளை விழித்தெழச் செய்தது.

2005 மார்ச்சில் நாடாளுமன்றம் பொருள் காப்புரிமையை ஏற்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. அன்றைய அரசு இடதுசாரிக் கட்சிகளின் ஆதரவில் நின்றது. அவர்கள் வலியுறுத்தலின் பேரில் சேர்ந்த காப்புகளுள் முதன்மையானது, புதிய சொற்கள் பெற்ற பிரிவு 3(டி). ஏற்கெனவே அறியப்பட்ட ஒரு பொருளின் புதிய வடிவத்தைக் கண்டறிவது, அதன் அறியப்பட்ட பலனை மேம்படுத்தாதவரை, கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது அது. உப்பு, எஸ்டர், வேறு படிக வடிவம், துகள் அளவு, ஐசோமர் ஆகிய எல்லாம், பலன் சார்ந்த பண்புகளில் குறிப்பிடத்தக்க அளவு வேறுபட்டால் ஒழிய, அதே பொருளாகவே கொள்ளப்படும் என்று அதன் விளக்கம் கூறுகிறது. நாடாளுமன்ற விவாதத்திலேயே கிளிவெக்கின் பெயரும் விலையும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டன.

டிரிப்ஸ் ஒப்பந்தம் எதைக் கண்டுபிடிப்பு என்று கொள்வது என வரையறுக்கவில்லை என்பதை இங்கே நிறுத்திக் கவனிக்க வேண்டும். புதுமை, புத்தாக்கப் படி (துறை அறிந்தவர்க்கு எளிதில் புலப்படாத முன்னேற்றம்), தொழிற்பயன் என்னும் மூன்று அளவுகோல்களைச் சொல்லிவிட்டு, அவற்றின் கடுமையை ஒவ்வொரு நாட்டின் தீர்மானத்துக்கு அது விட்டது. 2001 நவம்பர் 14 அன்று தோஹாவில் உறுப்பு நாடுகள் அனைத்தும் ஏற்ற அறிவிக்கை, பொதுச் சுகாதாரத்தையும் அனைவருக்கும் மருந்து கிடைப்பதையும் காக்கும் வகையிலேயே ஒப்பந்தத்தைப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. இந்தியா புதிதாக விலக்கு எதையும் கேட்கவில்லை. ஒப்பந்தம் விட்டுவைத்த இடத்தில் தன் அளவுகோலை எழுதிக்கொண்டது. 3(டி) ஒப்பந்தத்தை மீறுகிறது என்று இத்தனை ஆண்டுகளில் எந்த நாடும் உலக வணிக அமைப்பில் வழக்குத் தொடுக்கவில்லை. அமெரிக்க அரசின் ஆண்டுக் கண்காணிப்புப் பட்டியலில் இந்தியாவின் பெயர் தொடர்வது வேறு வகை அழுத்தம்.

தேதி

சிம்மர்மன் உருவாக்கிய மூலக்கூறுகளுக்கான விண்ணப்பம் அமெரிக்காவில் 1994 ஏப்ரலில் தாக்கலாகி, 1996 மே மாதம் காப்புரிமை கிடைத்தது. அந்த ஆண்டுகளில் இந்தியாவில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கேட்கவே வழியில்லை. பெட்டி திறந்ததோ 1995 முதல் வந்த விண்ணப்பங்களுக்கு மட்டும். ஆகவே இமாட்டினிப் என்ற மூலக்கூறு இந்தியாவில் எவருக்கும் உரிமையாக முடியாத பொருளாயிற்று. நோவார்ட்டிஸ் இங்கே கேட்க முடிந்தது அந்த மூலக்கூறிலிருந்து இரண்டு படி தள்ளி இருந்த ஒன்றை: முதலில் மூலக்கூறு, பிறகு அதனுடன் மீத்தேன்சல்ஃபானிக் அமிலம் சேர்ந்த மெசிலேட் உப்பு, பிறகு அந்த உப்பின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவம். அதே உப்பின் இன்னொரு வடிவமான ஆல்ஃபா படிகத்தைவிடப் பீட்டா படிகம் நன்றாகச் சரிந்து பாயும், குறைவாக ஈரம் உறிஞ்சும், வெப்ப நிலையில் கூடுதல் உறுதியோடு இருக்கும் என்று விண்ணப்பம் சொன்னது. மாத்திரை தயாரிக்கும் ஆலைக்கு இவை மெய்யான நன்மைகள்.

காப்புரிமை கிடைத்திருந்தால் அது 2018 ஜூலைவரை நீடித்திருக்கும். எனினும் அதனால் எல்லா ஜெனரிக் தயாரிப்பும் மறுநாளே நின்றிருக்கும் என்று சொல்வது மிகை. பெட்டியிலிருந்து எழும் காப்புரிமைகளைப் பொறுத்தவரை, 2005க்கு முன்பே கணிசமான முதலீடு செய்து பொருளை விற்றுவந்தவர்கள் நியாயமான உரிமைத்தொகை செலுத்தித் தொடரலாம் என்று திருத்தச் சட்டமே இடம் தந்தது. ஆனால் 'நியாயமான' தொகை எவ்வளவு என்பது வரையறுக்கப்படவில்லை. புதிதாகச் சந்தைக்கு வர விரும்புவோர்க்கு அந்தக் காப்பும் இல்லை. விலை எவ்வளவு ஏறியிருக்கும் என்பது அந்தத் தொகையைப் பற்றிய இன்னொரு நீண்ட வழக்கைச் சார்ந்திருந்திருக்கும்.

சென்னையில் நடந்தவை

2005 திருத்தம், காப்புரிமை வழங்கப்படும் முன்பே 'எவரும்' எதிர்ப்பு மனு அளிக்கலாம் என்று பிரிவு 25(1)இல் இடம் கொடுத்திருந்தது. மும்பையின் புற்றுநோயாளர் உதவிச் சங்கம் அதைப் பயன்படுத்தியது. நாட்கோ, சிப்லா, ரான்பாக்ஸி, ஹெட்ரோ ஆகிய நிறுவனங்களும் தனித்தனியே எதிர்த்தன. நிறுவனங்களுக்கு வணிக நலன் இருந்தது, அதை மறைப்பானேன்? ஆனால் மருந்தை விற்கும் நோக்கமின்றி, மருந்தை உட்கொள்பவர்களின் பெயரால் ஒரு கோப்பைத் திறந்து வேதியியல் வாதம் புரிந்த சங்கத்தின் செயல் இந்தியக் காப்புரிமை வரலாற்றில் ஒரு திருப்பம் என்றே கருதுகிறேன். 2006 ஜனவரி 25 அன்று காப்புரிமை அலுவலகத்தின் உதவிக் கட்டுப்பாட்டாளர் விண்ணப்பத்தை நிராகரித்தார். பீட்டா வடிவம் சிம்மர்மன் காப்புரிமையிலேயே அறியப்பட்டுவிட்டது, துறை அறிந்தவர்க்கு எளிதில் புலப்படுவது, 3(டி)யின்படி பலன் மேம்பட்டதாகக் காட்டப்படவில்லை என்பன அவர் சொன்ன காரணங்களுள் முக்கியமானவை.

அதே ஆண்டில் நோவார்ட்டிஸ் மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தை அணுகியது. ஆணையை எதிர்த்ததோடு நில்லாமல், 3(டி) டிரிப்ஸுக்கு முரணானது, 'பலன்' என்ற சொல்லை வரையறுக்காமல் அதிகாரிக்குக் கட்டற்ற அதிகாரம் தருவதால் சமத்துவத்தை உறுதிசெய்யும் அரசியல் சாசனத்தின் 14ஆம் பிரிவுக்கும் முரணானது என்றும் ரிட் மனு தொடுத்தது. வழக்கின் அபாயம் இங்கேதான் பெருகியது. ஆணைமீதான மேல்முறையீடு ஒரு மருந்தைப் பற்றியது. உட்பிரிவு வீழ்ந்திருந்தால் இந்தியாவில் ஜெனரிக்காகத் தயாராகக் காத்திருந்த எத்தனையோ மருந்துகளின் வாசல் அடைபட்டிருக்கும், அவற்றை நம்பியிருந்த ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளின் எச்ஐவி சிகிச்சையும் தடுமாறியிருக்கும். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, வழக்கைக் கைவிடக் கோரி உலகெங்கும் 4 லட்சத்துக்கும் அதிகமான கையொப்பங்களைத் திரட்டியது இதனால்தான்.

2007 ஆகஸ்ட் 6 அன்று நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும் ரிட் மனுக்களைத் தள்ளுபடி செய்தனர். ஒப்பந்தத்துக்கென்றே தனி வழக்குத் தீர்வு முறை இருக்கும்போது உள்நாட்டுச் சட்டம் அதற்கு இணங்குகிறதா என்று தீர்ப்புச் சொல்லும் களம் தாங்கள் அல்லர் என்றனர். 'பலன்' என்ற சொல் குறித்து, ஒரு மருந்து நோயைக் குணப்படுத்துவதில் எவ்வாறு செயல்படுகிறது என்பது அந்தத் துறையில் இருப்பவர்க்குத் தெரியாத செய்தியன்று, பழைய பொருளின் பலனையும் புதியதன் பலனையும் ஒப்பிட்டுக் காட்டுவது விண்ணப்பதாரரின் பொறுப்பு என்றனர். இந்தத் தீர்ப்பை நோவார்ட்டிஸ் மேல்முறையீடு செய்யவில்லை. ஆகவே சட்டப் பிரிவின் செல்லுபடி சென்னையிலேயே முடிவாகிவிட்டது. உச்ச நீதிமன்றத்தின் பெயர் பெரிதாக ஒலிப்பதால் இந்த உண்மை பலர் நினைவில் இல்லை.

ஆணைமீதான மேல்முறையீடுகள் 2007இல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்கு மாற்றப்பட்டிருந்தன. அதன் தலைமையகமும் சென்னை தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில்தான் இருந்தது. தொழில்நுட்ப உறுப்பினர் யார் என்ற சர்ச்சையில் காலம் கழிந்து, 2009 ஜூன் 26 அன்று வாரியம் முடிவளித்தது. புதுமையும் புத்தாக்கப் படியும் இருப்பதாக ஏற்றுக்கொண்டு, 3(டி) குறுக்கே நிற்பதால் காப்புரிமை இல்லை என்றது. உடன், இத்தனை விலை வைப்பது பொது ஒழுங்கையே குலைக்கும் என்று பிரிவு 3(பி)யையும் துணைக்கு அழைத்தது. இந்த இரண்டாம் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. விலை நாளை மாறக்கூடியது. கண்டுபிடிப்பா இல்லையா என்பது விலையோடு மாறக்கூடாது. விலையை அடக்கச் சட்டத்தில் வேறு கருவிகள் உண்டு.

உச்ச நீதிமன்றம் கேட்ட கேள்விகள்

நோவார்ட்டிஸ் நேரடியாக உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு தாக்கல் செய்தது. நீதிபதிகள் அஃப்தாப் ஆலமும் ரஞ்சனா பிரகாஷ் தேசாயும் விசாரித்தனர். சங்கத்துக்காக ஆனந்த் குரோவர் வாதாடினார்.

முதல் கேள்வி: மெசிலேட் உப்பு ஏற்கெனவே அறியப்பட்டதா? சிம்மர்மன் காப்புரிமை அந்த உப்பைத் தன் எல்லைக்குள் அடக்குகிறது, ஆனால் அதை வெளிப்படுத்திச் சொல்லவில்லை என்று நிறுவனம் வாதிட்டது. அடக்குவது வேறு, வெளிப்படுத்துவது வேறு என்ற இந்தப் பிளவில்தான் வழக்கின் நாடி ஓடுகிறது. நிறுவனம் பிற இடங்களில் என்ன சொல்லியிருந்தது என்பதை நீதிமன்றம் பொறுமையாகத் தொகுத்தது. அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி கேட்டபோதும், அந்த அனுமதிக்கான தாமதத்தை ஈடுசெய்யக் காப்புரிமைக் காலத்தை நீட்டக் கேட்டபோதும், கிளிவெக்கைக் காக்கும் காப்புரிமையாக அது காட்டியது சிம்மர்மனுடையதையே. பிரிட்டனில் நாட்கோ தன் 'வீனாட்' மருந்தை விற்க முயன்றபோது, மெசிலேட் உப்பு சிம்மர்மன் காப்புரிமைக்கு உட்பட்டது என்று சொல்லியே அறிவிக்கை அனுப்பித் தடுத்தது. ஓரிடத்தில் பிறரைத் தடுக்கும் அளவுக்கு அடங்கியிருந்த பொருள், இன்னோரிடத்தில் புதிதாகக் கோரும்போது மட்டும் வெளிப்படாமல் போவது எப்படி? வெளிப்படுத்தியதற்கும் உரிமை கொண்டாடுவதற்கும் இடையே பெரும் பள்ளம் விழ விட்டால், கண்டுபிடிப்பின் தகுதிக்குப் பதிலாக வழக்கறிஞரின் எழுத்துத் திறமையே காப்புரிமையின் அகலத்தை முடிவு செய்யும் என்று நீதிமன்றம் கருதியது. மெசிலேட் அறியப்பட்ட பொருளே என்று முடிவாயிற்று.

அடுத்தது பீட்டா படிகம். மருந்தைப் பொறுத்தவரை 3(டி)யில் உள்ள 'பலன்' என்பது சிகிச்சைப் பலனே என்றது நீதிமன்றம். சரிந்து பாய்வதும், ஈரம் உறிஞ்சாமையும், வெப்பத்தில் உறுதியும் தயாரிப்புக்கும் சேமிப்புக்கும் உதவலாம். நோயைக் குணப்படுத்துவதில் அவற்றுக்குப் பங்கில்லை. எஞ்சியது ஒன்று: மருந்து உடலில் சேரும் அளவு 30 விழுக்காடு கூடுகிறது என்ற கூற்று. அந்த ஒப்பீடு உப்பாக்கப்படாத மூல இமாட்டினிப்புடன் செய்யப்பட்டது. அறியப்பட்ட பொருளாகிவிட்ட மெசிலேட்டுடன் அல்ல. உடலில் கூடுதலாகச் சேர்வது சில சமயம் சிகிச்சைப் பலனையும் கூட்டலாம், ஆனால் அதைத் தனியே கோரி ஆய்வுத் தரவுகளால் நிறுவ வேண்டும், இங்கே அப்படி எதுவும் வைக்கப்படவில்லை என்று நீதிமன்றம் மறுத்தது. இன்னொரு நுணுக்கமும் தீர்ப்பில் உண்டு. விற்பனைக்கு வந்த கிளிவெக் பெட்டியின்மேல் 'இமாட்டினிப் மெசிலேட்' என்றுதான் இருந்தது. பீட்டா படிகம் என்ற பேச்சே அதில் இல்லை. எந்தப் பொருளுக்காக இத்தனை ஆண்டுகள் வழக்காடினார்களோ அந்தப் பொருளின் பெயர் விற்ற பெட்டியில் இல்லை.

படிப்படியான மேம்பாடு எதற்குமே காப்புரிமை கிடையாது என்று தன் தீர்ப்பைப் படிக்கக் கூடாது என்றும் நீதிமன்றம் வெளிப்படையாகச் சொன்னது. நோயாளிக்குக் கூடுதல் நன்மை செய்யும் மாற்றம் என்று நிறுவினால் வழி உண்டு. இந்த அளவுகோல் நியாயமானது என்று நான் நம்புகிறேன். இருபது ஆண்டுத் தனியுரிமையைச் சமூகம் கொடுக்கும்போது, பதிலுக்கு நோயாளிக்கு என்ன கூடுகிறது என்று கேட்பது மிகச் சாதாரண எதிர்பார்ப்பு. அமெரிக்காவில் அப்படிக் கேட்கப்படவில்லை. அங்கே பீட்டா படிகத்துக்கு 2005இல் காப்புரிமை கிடைத்தது. மூலக் காப்புரிமை 2015 ஜூலையில் முடிந்த பிறகும், இரண்டாம் காப்புரிமை பற்றிய சமரசத்தின் காரணமாக முதல் ஜெனரிக் 2016 பிப்ரவரியில்தான் வந்தது. இடையில், 2001இல் ஆண்டுக்கு 30,000 டாலர் அளவில் இருந்த விலை 2012இல் 90,000 டாலரைத் தாண்டியிருந்தது. இந்த நோய்க்குச் சிகிச்சை அளிக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட நிபுணர்கள் 2013இல் ஒன்றுசேர்ந்து இந்த விலைகளைக் கண்டித்து எழுதினர்.

அதே நோய், வேறு தேதி

இமாட்டினிப்புக்குக் கட்டுப்படாமல் போகும் நோயாளிகளுக்கு அடுத்து வந்த மருந்துகளுள் ஒன்று டாசாட்டினிப். அதன் மூலக்கூறு 1995க்குப் பிறகு உருவானது. ஆகவே பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்க்விப் நிறுவனத்துக்கு இந்தியாவில் மூலக்கூறின்மீதே காப்புரிமை கிடைத்தது. இங்கே 3(டி) எந்த உதவியும் செய்ய இயலாது. அது பழைய பொருளின் புது வேடத்தைத் தடுக்குமே தவிர, உண்மையில் புதிதான பொருளைத் தடுக்காது, தடுக்கவும் கூடாது. மாத விலை 1.65 லட்சம் ரூபாய் அளவில் இருந்தது. பிடிஆர் என்ற இந்திய நிறுவனம் 8,100 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்லிக் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமையாளரின் ஒப்புதலின்றியே அரசு வழங்கும் தயாரிப்பு உரிமை, கேட்டது. காப்புரிமையாளரிடம் தன்னார்வ உரிமம் பெற உரிய முயற்சி செய்யவில்லை என்ற காரணத்தால் 2013 அக்டோபரில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து ஏழு மாதங்கூட ஆகாத நேரம் அது. டாசாட்டினிப்பின் காப்புரிமை தன் காலம் முழுவதும் ஓடி 2020இல்தான் முடிந்தது. இமாட்டினிப் கைவிட்ட நோயாளிக்கு இந்தத் தீர்ப்பு எதையும் தரவில்லை.

இத்தகைய மருந்துகளுக்கென்றே சட்டத்தில் இருப்பது கட்டாய உரிமம். அது ஒரே ஒரு முறை வழங்கப்பட்டது. சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்கான பேயர் நிறுவனத்தின் சோராஃபெனிப் மருந்தை, மாதத்துக்கு 2,80,428 ரூபாயாக இருந்த விலைக்கு மாற்றாக 8,880 ரூபாய்க்கு விற்க, 2012 மார்ச் 9 அன்று கட்டுப்பாட்டாளர் பி.எச். குரியன் நாட்கோவுக்கு உரிமம் அளித்தார். மேல்முறையீட்டில் அதை உறுதிசெய்து, உரிமைத்தொகையை 6 விழுக்காட்டிலிருந்து 7 ஆக்கியது சென்னை வாரியம். அப்போது அதன் தலைவர், முன்பு உயர் நீதிமன்றத்தில் 3(டி)யைக் காத்த அதே பிரபா ஸ்ரீதேவன். அதற்குப் பிறகு வந்த விண்ணப்பங்கள் தேறவில்லை. பன்னாட்டு விதிகள் இதைத் தடுக்கவில்லை. டிரிப்ஸின் 31ஆம் விதி அனுமதிக்கிறது, எந்தக் காரணத்துக்காக உரிமம் வழங்குவது என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்யலாம் என்று தோஹா அறிவிக்கை உறுதிப்படுத்துகிறது. தயக்கம் உள்நாட்டில் இருக்கிறது.

தீர்ப்பின் பயன் வேறொரு திசையில் நீண்டது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் இமாட்டினிப்பை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தபோது, இந்திய ஜெனரிக் விலை ஒன்று ஏற்கெனவே கண்முன் இருந்தது. மருந்துகளுக்கு எதிர்ப்பு உருவான காசநோய்க்கான பெடாகுயிலின் மருந்தின் ஃபியூமரேட் உப்புக்கு ஜான்சன் அண்டு ஜான்சன் கோரிய காப்புரிமையை 2023 மார்ச் 23 அன்று இந்தியக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. அந்த மறுப்பிலும் 3(டி) இருந்தது. மூலக் காப்புரிமை 2023 ஜூலையில் முடிந்தவுடன் ஜெனரிக் தயாரிப்புக்கு வழி பிறந்தது. உப்புக்கான உரிமை கிடைத்திருந்தால் மேலும் நான்கு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்திருக்கும். எதிர்ப்பு மனு அளித்தவர்களுள் இருவர் காசநோயிலிருந்து மீண்ட பெண்கள், ஒருவர் இந்தியர், மற்றவர் தென்னாப்பிரிக்கர். பழைய காசநோய் மருந்துகளின் நச்சுத்தன்மையால் இருவரும் கேட்கும் திறனை இழந்தவர்கள்.

அவர்களுக்கும், 2005இல் சென்னைக் கோப்பைத் திறந்த சங்கத்துக்கும் வாசலாக அமைந்தது 'எவரும்' என்ற அந்தச் சொல். சட்டத்தில் அது இன்னும் இருக்கிறது. ஆனால் 2024 மார்ச்சில் திருத்தப்பட்ட விதிகளின்படி, முன்பு கட்டணமின்றி அளிக்கப்பட்ட எதிர்ப்பு மனுவுக்கு இப்போது கட்டணம் உண்டு. மனுவில் உள்ள வேதியியலைப் படிக்கும் முன், அதை விசாரணைக்கு ஏற்கத் தகுமா என்று கட்டுப்பாட்டாளர் முதலில் முடிவு செய்கிறார்.